கையடக்க ஜிபிஎஸ்: மெமரி கார்டில் உள்ள மேப்களை எப்படி பேக்கப் எடுத்து வைப்பது?

மரக்கணக்கு:

வணக்கம். மரங்களைக் கணக்கெடுக்கும் சின்னத் தன்னார்வக் குழு ஒன்றில் இருக்கிறேன். எங்களிடம் இரண்டு கையடக்க ஜிபிஎஸ்கள் உண்டு. என்னுடையது கார்மின் ஜிபிஎஸ்மேப் 64எஸ். குழுவுக்குப் பொதுவாக அதே கார்மினின் பழைய 60சிஎஸ்எக்ஸ் ஒன்று. இரண்டிலும் மைக்ரோ எஸ்டி கார்டு இருக்கிறது.

என் கார்டு 16 ஜிபி. காசு கொடுத்து இறக்கிய உயரக்கோட்டு மேப் ஒன்று, ஓபன் ஸ்ட்ரீட் மேப் தரவிலிருந்து செய்த இலவச மேப் ஒன்று, பழைய அச்சுத் தாள்களை ஸ்கேன் செய்து நானே உருவாக்கிய கேஎம்இசட் (படத்தை மேப்பாகக் காட்டும் வடிவம்) கோப்புகள் கொஞ்சம், இவ்வளவும் அதில்தான். நடந்த தடங்கள், ஒவ்வொரு மரத்துக்கும் போட்ட வேபாயிண்ட்கள் (இடத்தைக் குறிக்கும் புள்ளிகள்) எல்லாமும் அதே கார்டில் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். 60சிஎஸ்எக்ஸில் இருப்பது வேறு வகை: மேப்பை உள்ளே போட்டே விற்கும் கார்டு.

சென்ற வாரம் குழுத் தோழர் ஒருவரின் கேமரா கார்டு திடீரென்று எந்தக் கணினியிலும் தெரியாமல் போனது. காலையில் படம் எடுத்த கார்டு, மாலையில் இல்லை. அதிலிருந்து எனக்கு இந்தக் கவலை.

கார்டில் இருப்பதை அப்படியே கணினியில் ஒரு ஃபோல்டருக்குக் காப்பி செய்து வைத்தால் போதுமா, இல்லை முழுக் கார்டையும் இமேஜாக, அதாவது காலி இடமும் சேர்த்து அச்சு அசலாக ஒரே கோப்பாக, எடுக்க வேண்டுமா? நாளைக்குக் கார்டு போய்விட்டால், அந்தக் கோப்புகளை வேறொரு கார்டில் போட்டால் மேப் திறக்குமா? என்னிடம் 128 ஜிபி கார்டு ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே மாற்றுக் கார்டாக வைத்துக்கொள்ளலாமா?

ஈரக்காலணி:

காப்பி பேஸ்ட் போதும் நண்பரே. கார்டைத் திறந்தால் கார்மின் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை அப்படியே இழுத்துக் கணினியில் போடுங்கள். வேண்டும்போது புதுக் கார்டில் திரும்பப் போடுங்கள். பல வருடமாக இப்படித்தான் செய்கிறேன், ஒரு தொல்லையும் இல்லை. 128 ஜிபியும் ஃபார்மட் செய்தால் ஓடும்.

பழைய திசைகாட்டி:

ஈரக்காலணி சொல்வது இலவச மேப் மட்டும் வைத்திருப்பவருக்கு முழு உண்மை. மரக்கணக்கு வைத்திருப்பதில் நான்கு வகைச் சரக்கு இருக்கிறது, நான்குக்கும் நான்கு கதை. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். உங்கள் தடங்களும் வேபாயிண்ட்களும் கார்டில் இருக்கின்றன என்று நினைக்கிறீர்கள். அநேகமாக இல்லை. 64எஸ்ஸுக்குக் கார்டைத் தவிர 4 ஜிபி உள்நினைவகம் இருக்கிறது, சாதனம் பதிவு செய்வதெல்லாம் அங்கேதான் போகிறது. கேபிளில் இணைத்தால் கணினியில் இரண்டு டிரைவ் தெரியும். ஒன்று சாதனம், இன்னொன்று கார்டு. சாதனத்தின் டிரைவில் கார்மின் ஃபோல்டருக்குள் ஜிபிஎக்ஸ் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் கரண்ட், ஆர்க்கைவ் என்று இரண்டு. இப்போது ஓடிக்கொண்டிருக்கும் தடம் கரண்டில், பழையவை ஆர்க்கைவில். நீங்கள் பெயர் கொடுத்துச் சேமித்த தடங்களும் வேபாயிண்ட்களும் ஜிபிஎக்ஸ் ஃபோல்டரிலேயே இருக்கும். கார்டை மட்டும் ரீடரில் செருகிக் காப்பி எடுப்பவர்களுக்கு இவை கண்ணிலேயே படாது.

உங்கள் நான்கு வகையிலும் உலகத்தில் வேறெங்கும் கிடைக்காதது இது ஒன்றுதான். மேப்பை மறுபடி இறக்கிக்கொள்ளலாம், மறுபடி வாங்கலாம். போன மாதம் போட்ட மரப்புள்ளியை யாரிடம் போய்க் கேட்பீர்கள்? ஆகவே முதல் பேக்கப் ஜிபிஎக்ஸ் ஃபோல்டருக்கு. ஒவ்வொரு கணக்கெடுப்பு முடிந்ததும் எடுத்துவிடுங்கள், அதில் சோம்பல் கூடாது. ஜிபிஎக்ஸ் என்பது சாதாரண எழுத்துக் கோப்பு, எந்த நோட்பேடிலும் திறந்து படிக்கலாம். இன்று நாம் பயன்படுத்தும் 1.1 வடிவம் 2004இல் வந்தது, இன்னமும் எல்லா மென்பொருளும் அதைப் படிக்கின்றன. ஜிப் செய்தால் நன்றாகச் சுருங்கும். மின்னஞ்சலில் நமக்கு நாமே அனுப்பிக்கொள்ளும் அளவுக்குத்தான் வரும்.

64எஸ்ஸில் சேமித்த தடங்களுக்கு 200 என்று வரம்பு, நடப்புத் தடத்துக்கு 10,000 புள்ளி வரம்பு. தட அமைப்பில் தானாக ஆர்க்கைவ் செய்யும் தேர்வு இருக்கிறது. அதைத் தினமும் என்று வைத்துவிட்டால் ஒவ்வொரு நாளும் தனிக் கோப்பாக விழும், பேக்கப் எடுப்பவருக்குப் பெரிய வசதி.

60சிஎஸ்எக்ஸ் இன்னும் வம்பு. அதில் யுஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ் என்ற பொத்தானை அழுத்தினால்தான் கார்டு டிரைவாகத் தெரியும். அப்போதும் கார்டு மட்டும்தான் தெரியும். வேபாயிண்ட்கள் உள்நினைவகத்தில், 1000 வரை. அவற்றை டிரைவாகப் பார்க்கவே முடியாது. மாஸ் ஸ்டோரேஜை விட்டு வெளியே வந்து, கணினியில் மேப்சோர்ஸ், பேஸ்கேம்ப், ஜிபிஎஸ்பேபல் போன்ற மென்பொருள் ஒன்றில் சாதனத்திலிருந்து பெறுக என்று கொடுத்து எடுக்க வேண்டும். தடத்திலும் ஒரு பொறி உண்டு: அந்தச் சாதனத்தில் தடத்தைச் சேமி என்று கொடுத்தால் 500 புள்ளியாகச் சுருக்கிவிடும், நேர முத்திரையும் போய்விடும். எந்த மரத்தை எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பது உங்களுக்கு முக்கியமென்றால் அந்தச் சேமிப்பை நம்பாதீர்கள். தட அமைப்பில் டேட்டா கார்டில் பதிவு செய் என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் நாளுக்கு ஒரு ஜிபிஎக்ஸ் கோப்பு, முழுப் புள்ளிகளோடும் நேரத்தோடும், கார்டில் விழும். அதுதான் வேண்டியது.

இனி காசு கொடுத்து வாங்கிய மேப்கள். இரண்டும் பூட்டு போட்டவை. ஆனால் பூட்டு தொங்கும் இடம் வேறு வேறு.

64எஸ்ஸுக்கு நீங்கள் இறக்கியது சாதனத்தின் யூனிட் ஐடியோடு, அதாவது அந்த ஒரு சாதனத்துக்கே உரிய எண்ணோடு, கட்டப்பட்டது. அது எந்தக் கார்டில் இருக்கிறது என்பது பற்றி அதற்குக் கவலையில்லை. அதே சாதனத்தில் வேறு கார்டு போட்டு, கோப்பைக் காப்பி செய்து வைத்தால் திறக்கும். மேப்புடன் அதே பெயரில் யுஎன்எல் அல்லது ஜிஎம்ஏ என்ற விகுதியுள்ள சின்னக் கோப்பு இருந்தால் அதையும் சேர்த்தே காப்பி செய்யுங்கள், உரிமச் சாவி அதில்தான் இருக்கும். சாதனமே செத்துவிட்டால் இந்தக் காப்பி உதவாது. விற்றவரிடம் உரிமத்தைப் புதுச் சாதனத்துக்கு மாற்றித் தரச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்காக வாங்கிய ரசீது, சீரியல் எண், யூனிட் ஐடி எல்லாவற்றையும் ஒரு எழுத்துக் கோப்பில் குறித்துப் பேக்கப்போடு வையுங்கள். யூனிட் ஐடி சாதனத்தின் அமைப்பில் அபவுட் பக்கத்தில் இருக்கிறது.

60சிஎஸ்எக்ஸின் கார்டு வேறு. மேப்பை உள்ளே போட்டு விற்கும் கார்டில் மேப் அந்தக் கார்டோடு கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு எஸ்டி கார்டிலும் தயாரிக்கும்போதே சிஐடி என்று 128 பிட் அடையாளம் ஒன்றை எழுதிவிடுகிறார்கள், கைரேகை மாதிரி. சாதாரணமாக நம்மால் மாற்ற முடியாது, கோப்பாகவும் தெரியாது. கோப்புகளை வேறு கார்டுக்குக் காப்பி செய்தால் பைட்டுக்குப் பைட் சரியாகவே இருக்கும், ஆனால் மேப் திறக்காது. ஆக, அந்தக் கார்டுக்கு எடுக்கும் பேக்கப்புக்கு ஒரே ஒரு பயன்தான்: யாராவது தெரியாமல் கோப்பை அழித்துவிட்டால் அதே கார்டில் திரும்பப் போடலாம். கார்டே போனால் மேப்பும் போனதுதான். நல்ல பக்கம் என்னவென்றால், அந்தக் கார்டை வேறு சாதனத்தில் செருகினாலும் மேப் வரும், உங்கள் 64எஸ்ஸில்கூட. அதை யாரும் ஃபார்மட் செய்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்தக் கார்டில் தடப் பதிவையும் போட வேண்டாம், எழுதுவது குறைந்தால் தேய்மானமும் குறைவு. நேரத்தோடு தடம் வேண்டும் என்றால் அந்தச் சாதனத்துக்குத் தனிக் கார்டு ஒன்று வாங்கி, இலவச மேப் போட்டு, அதில் பதிவு செய்யுங்கள்.

இலவச மேப்புக்கு வருவோம். பூட்டு இல்லை, காப்பி தாராளமாக ஓடும். மறுபடி இறக்கிக்கொள்ளலாமே, எதற்கு பேக்கப் என்று கேட்பார்கள். இறக்கும்போது புதுப் பதிப்பு வரும். அது உங்கள் சாதனத்தில் சரியாக வரைகிறதா, பழைய நிறங்களும் குறியீடுகளும் அப்படியே இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்க்காமல் காட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. அதனால் நன்றாக ஓடிய பதிப்பைத் தேதியோடு பெயரிட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தையதை அழித்துவிடலாம்.

பெயர் வைப்பதில் கவனம் தேவை. மேப்இன்ஸ்டால், மேப்சோர்ஸ் போன்ற மென்பொருள்கள் மேப்பை ஜிமேப்சப் என்ற பெயரில் ஐஎம்ஜி (கார்மின் மேப்பின் வடிவம்) கோப்பாக எழுதும். ஏற்கெனவே அந்தப் பெயரில் ஒன்று இருந்தால் அதன் மேலேயே எழுதிவிடும். வாங்கிய மேப் அந்தப் பெயரில் இருந்து, நீங்கள் இன்னொன்றை அனுப்பினால், முதலாவது காலி. 64எஸ் போன்ற சாதனங்கள் கார்மின் ஃபோல்டரில் எந்தப் பெயரில் ஐஎம்ஜி இருந்தாலும் படிக்கும். அதனால் அனுப்பி முடித்த கையோடு பெயரை மாற்றிவிடுங்கள்: மரம், சாலை, உயரம் என்று ஏதோ ஒன்று. கூட யுஎன்எல் இருந்தால் அதற்கும் அதே பெயர். 60சிஎஸ்எக்ஸுக்கு அந்த வசதி இல்லை. ஜிமேப்சப் என்ற பெயரில் உள்ள ஒரே ஒரு கோப்பைத்தான் பார்க்கும், அதிலும் 2025 மேப் துண்டுகளுக்கு மேல் படிக்காது. அதில் இரண்டு மேப் வேண்டுமென்றால் ஜிமேப்டூல் என்ற மென்பொருள் கொண்டு இணைத்து ஒரே கோப்பாக்க வேண்டும், அல்லது மேப்புக்கு ஒரு கார்டு.

கேஎம்இசட்டுகளைச் சும்மா காப்பி செய்தால் போதும், கஸ்டம்மேப்ஸ் ஃபோல்டரில் இருக்கும். ஆனால் மூல ஸ்கேன்களையும் சேர்த்து வையுங்கள். கேஎம்இசட்டுக்குள் ஒவ்வொரு ஜேபெக் துண்டும் 1024க்கு 1024 பிக்சல் என்ற வரம்புக்காகச் சுருக்கியிருப்பீர்கள். நாளைக்கு வேறு சாதனத்துக்கோ கைபேசிச் செயலிக்கோ மறுபடி செய்ய வேண்டி வந்தால் அந்தச் சுருங்கிய படத்திலிருந்து செய்ய முடியாது.

128 ஜிபி கார்டு வேண்டாம். 2 ஜிபி வரை எஸ்டி, அதற்கு மேல் 32 வரை எஸ்டிஎச்சி, அதற்கு மேலே எஸ்டிஎக்ஸ்சி. எஸ்டிஎக்ஸ்சி எல்லாம் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பு முறையில் ஃபார்மட் ஆகி வரும், உங்கள் இரண்டு சாதனங்களும் ஃபேட்32 என்ற பழைய முறையை எதிர்பார்ப்பவை. ஃபேட்32இல் ஃபார்மட் செய்து சிலர் ஓட்டுகிறார்கள், ஓடவும் செய்கிறது. ஆனால் மாற்றுக் கார்டு என்பது சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஓட வேண்டிய பொருள். 32 ஜிபிக்குள் வாங்குங்கள். ஃபேட்32இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது என்பதால், ஒரு மேப்பை எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் அதற்கு மேல் வைக்க முடியாது. இடம் எங்கே போதாமல் போகிறது சொல்லுங்கள். வேகமான கார்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசும் வீண்தான், சாதனம் படிக்கும் வேகத்துக்குச் சாதாரணக் கார்டே அதிகம்.

வாங்கியதும் முதல் வேலை, கார்டு உண்மையிலேயே சொன்ன கொள்ளளவு உள்ளதா என்று பார்ப்பது. 4 ஜிபி சில்லை வைத்து 32 என்று காட்டும் போலிகள் இருக்கின்றன. 4 வரை ஒழுங்காக எழுதும், அதன் பிறகு எழுதுவது காற்றில் போகும், கணினி ஒரு பிழையும் சொல்லாது. இதைச் சோதிக்கும் மென்பொருள், விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3. முழுவதும் எழுதிப் படித்துப் பார்க்க நேரம் ஆகும், ஆகட்டும்.

கடைசியாக, பேக்கப் இருக்க வேண்டிய இடம் இன்னொரு கார்டு இல்லை. ஃப்ளாஷ் நினைவகம் மின்னூட்டமாகத்தான் தகவலை வைத்திருக்கிறது, மின்சாரம் இல்லாமல் கிடந்தால் மெல்ல மெல்லக் கசியும். கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றுக் கார்டு என்பது காட்டில் பயன்படுத்த, பேக்கப் என்பது வீட்டில் இருக்க. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

பிட்டுக்குப் பிட்:

திசைகாட்டி ஐயா இமேஜ் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. டிடி கட்டளை கொண்டோ வின்32 டிஸ்க் இமேஜர் மென்பொருள் கொண்டோ முழுக் கார்டையும் எடுத்துவிடலாம். மறைந்த கோப்பு, ஃபோல்டர் அமைப்பு எதுவும் தவறாது. நான் எல்லாக் கார்டுக்கும் அதைத்தான் செய்கிறேன்.

பழைய திசைகாட்டி:

கணினியைத் துவக்கும் கார்டாக இருந்தால் சரி, இமேஜ்தான் வேண்டும். இங்கே அப்படி எதுவும் இல்லையே. ஃபேட்32இல் சில ஃபோல்டர்கள், அவ்வளவுதான். 16 ஜிபி கார்டில் 3 ஜிபி மட்டும் நிறைந்திருந்தாலும் இமேஜ் 16 ஜிபி வரும். இன்னொரு சிக்கல்: 16 என்று அச்சிட்ட இரண்டு கார்டுகள் துல்லியமாக ஒரே அளவில் இருப்பதில்லை. சில எம்பி குறைவான கார்டில் இமேஜ் உட்காராது. பூட்டுப் போட்ட கார்டுக்கு இமேஜ் எடுத்தால் பூட்டும் சேர்ந்து வருமே என்று சிலர் நம்புகிறார்கள். வராது, சிஐடி இமேஜுக்குள் இருப்பதில்லை.

இமேஜ் எடுக்க வேண்டிய நேரம் ஒன்று உண்டு: கார்டு தடுமாறத் தொடங்கும்போது. சில கோப்பு திறக்கிறது, சில திறக்கவில்லை என்றால், அதில் எதையும் எழுதாமல், பழுதுபார்க்கவும் சொல்லாமல், முதலில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் கொண்டு இமேஜ் எடுங்கள். மீட்பு வேலையை அந்த இமேஜின் மேல் செய்யுங்கள்.

பிட்டுக்குப் பிட்:

அளவு விஷயம் சரிதான், ஒத்துக்கொள்கிறேன். என்றாலும் காப்பி சரியாக வந்ததா என்று பார்க்க ஏதாவது வேண்டுமே. எஸ்எச்ஏ-256 மதிப்பு (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) எடுத்து இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளை ஏற்கெனவே இருக்கிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். கார்டை ஒருமுறை வெளியே எடுத்துத் திரும்பச் செருகிய பிறகு மதிப்பு எடுங்கள். இல்லாவிட்டால் கணினி தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பிரதியையே படித்துச் சரி என்று சொல்லிவிடும்.

ஆப்பிள்தோட்டம்:

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேக்கில் கார்டைச் செருகிக் கோப்பை அழித்தால் அது நிஜமாக அழிவதில்லை. கார்டிலேயே மறைந்த குப்பை ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். மேப்பையெல்லாம் அழித்தேனே, இடம் ஏன் இல்லை என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். கார்டு செருகியிருக்கும்போதே குப்பைத்தொட்டியைக் காலி செய்ய வேண்டும். அது தவிர, காப்பி செய்யும் ஒவ்வொரு கோப்புக்கும் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் போட்ட குட்டிக் கோப்பு ஒன்றை மேக் சேர்த்து எழுதிவிடும். ஐஎம்ஜி என்ற விகுதியோடு அப்படி ஒன்று கார்மின் ஃபோல்டரில் கிடப்பது நல்லதில்லை. டாட்கிளீன் என்ற கட்டளை மேக்கிலேயே இருக்கிறது, வெளியே எடுக்கும் முன் ஓட்டிவிடுங்கள்.

மரக்கணக்கு:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை.

கேபிளில் இணைத்துப் பார்த்தேன். திசைகாட்டி ஐயா சொன்னபடி தடங்கள் சாதனத்தின் டிரைவில்தான் இருக்கின்றன. கார்டில் இருப்பவை மேப்களும் கேஎம்இசட்டுகளும் மட்டும். ஜிபிஎக்ஸ் ஃபோல்டரை உடனே இரண்டு இடத்தில் காப்பி செய்துவிட்டேன். 60சிஎஸ்எக்ஸிலிருந்து வேபாயிண்ட்களை பேஸ்கேம்ப் வழியாக எடுத்தாயிற்று, ஜிபிஎக்ஸாகவும் ஏற்றுமதி செய்து வைத்துவிட்டேன்.

32 ஜிபி கார்டு ஒன்று வாங்கி, எச்2டெஸ்ட்டபிள்யூவில் சோதித்து, பழைய கார்டிலிருந்து கார்மின் ஃபோல்டரைக் காப்பி செய்தேன். இப்போது ஒரு சந்தேகம். புதுக் கார்டைப் போட்டால் 64எஸ் மேப் ஏற்றும் திரையிலேயே நின்றுவிடுகிறது. பொத்தானைப் பிடித்து அணைத்தால்தான் அணைகிறது. பழைய கார்டைத் திரும்பப் போட்டால் ஒழுங்காகத் திறக்கிறது. கார்டு மோசமா, பூட்டுதான் காரணமா?

இன்னொன்று: சாதனத்தின் டிரைவில் மேப் போலவே சில ஐஎம்ஜி கோப்புகள் இருக்கின்றன. அவற்றையும் எடுக்க வேண்டுமா?

பழைய திசைகாட்டி:

பூட்டு காரணமென்றால் சாதனம் திறந்துவிடும், மேப்பைத் திறக்க முடியவில்லை என்று செய்தி மட்டும் காட்டும். ஏற்றும் திரையில் நிற்கிறது என்றால் ஏதோ ஒரு ஐஎம்ஜி கோப்பு அரைகுறையாக இருக்கிறது, அதைப் படிக்கப் போய் மாட்டிக்கொள்கிறது. சோதித்த கார்டு என்பதால் கார்டின் மேல் எனக்குச் சந்தேகம் குறைவு.

கார்டை ரீடரில் போட்டு எல்லா ஐஎம்ஜிகளையும் கணினிக்கு நகர்த்திவிடுங்கள். காலிக் கார்டோடு சாதனம் திறக்கிறதா பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுத் திறந்து பாருங்கள், எதில் நிற்கிறதோ அதுதான் ஆள். அதற்கு முன்னால் பழைய கார்டிலும் புதுக் கார்டிலும் கோப்பின் அளவு பைட் கணக்கில் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் பாதி நேரம் மிச்சம். எழுதி முடித்ததும் பாதுகாப்பாக வெளியேற்று என்பதைக் கொடுக்காமல் ரீடரைப் பிடுங்கினாலும் கடைசிப் பகுதி எழுதப்படாமல் போகும்.

எல்லாக் கோப்பும் சரி, ஆனாலும் இரண்டு இலவச மேப் சேர்ந்திருந்தால் ஒன்றுதான் தெரிகிறது அல்லது திரை குழம்புகிறது என்றால் அது வேறு நோய். இலவச மேப்களைக் கட்டும் எம்கேஜிமேப் மென்பொருள், நாம் எண் கொடுக்காவிட்டால் குடும்ப எண்ணாக, அதாவது மேப்பின் அடையாள எண்ணாக, 6324 என்று போடும். இரண்டு பேர் கட்டிய மேப்புக்கும் அதே எண் வந்தால் சாதனம் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்ளும். ஜிமேப்டூலில் எண்ணைப் பார்க்கலாம், மாற்றலாம். உங்களிடம் இலவச மேப் ஒன்றுதான் என்பதால் இப்போது இது வராது. இரண்டாவதைச் சேர்க்கும்போது நினைவு வையுங்கள்.

சாதனத்தில் உள்ள ஐஎம்ஜிகள்: ஜிமேப்பிமேப் என்பது அதனோடு வந்த அடிப்படை மேப். மற்றவை நேர மண்டலம், முன்பே நிறுவிய மேப் போன்றவை. எடுங்கள். அவை அழிந்தால் திரும்பப் பெறுவது சுலபமில்லை. என் வழக்கம், உள் டிரைவ் முழுவதையும் ஒருமுறை காப்பி செய்து தேதி போட்டு வைப்பது, அதற்குப் பிறகு ஜிபிஎக்ஸ் ஃபோல்டரை மட்டும் அடிக்கடி எடுப்பது. புரொஃபைல்ஸ் ஃபோல்டரில் உங்கள் திரை அமைப்புகள் இருக்கும், அதுவும் அந்த முழுக் காப்பியில் வந்துவிடும். கார்மின்டிவைஸ் என்ற எக்ஸ்எம்எல் கோப்பை மட்டும் சாதனத்திலிருந்து எப்போதும் அழிக்காதீர்கள். மென்பொருள்கள் சாதனத்தை அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். உங்கள் யூனிட் ஐடியும் அதற்குள் இருக்கிறது.

ஈரக்காலணி:

நான் ஒரு விஷயம் கேட்டுக்கொள்கிறேன் ஐயா. ஒவ்வொரு தடவையும் கார்டைக் கழற்றி ரீடரில் போடுவது நல்லதா, கேபிளிலேயே எழுதலாமா? பேட்டரிக்கு அடியில் அந்த உலோக மூடியைத் திறந்து மூட எனக்குப் பயமாக இருக்கிறது.

பழைய திசைகாட்டி:

பயம் நியாயமானது. அந்தக் கீல் மூடி தளர்ந்தால் அதிர்வில் கார்டின் தொடர்பு விட்டுப்போகும். நடக்கும்போது மேப் மறைவது, சாதனம் அணைந்துவிடுவது எல்லாம் வரும். ஜிபிஎக்ஸ், கேஎம்இசட் போன்ற சின்னவற்றுக்குக் கேபிள் போதும். பெரிய ஐஎம்ஜிக்கு மட்டும் ரீடர். 60சிஎஸ்எக்ஸில் கேபிள் வழியே 2 ஜிபி எழுத உட்கார்ந்தால் அரை மணிக்கு மேல் ஆகும், அதன் யுஎஸ்பி வேகம் அவ்வளவுதான், 12 மெகாபிட். இடையில் பேட்டரியோ கேபிளோ தடுமாறினால் அரைகுறைக் கோப்பு ரெடி. மேப் மாற்றுவது அடிக்கடி வருகிற வேலை இல்லை, அதற்கு மட்டும் மூடியைத் திறங்கள்.

மரக்கணக்கு:

பார்த்துவிட்டேன். உயரக்கோட்டு மேப்தான். பழைய கார்டில் உள்ளதைவிடப் புதுக் கார்டில் கொஞ்சம் சின்னதாக இருந்தது. ரீடரின் இணைப்பு ஆடுகிறது, எழுதும்போது நடுவில் விட்டுப்போயிருக்க வேண்டும். வேறு ரீடரில் எழுதி, வெளியே எடுத்துத் திரும்பச் செருகி எஸ்எச்ஏ எடுத்தேன், இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு. சாதனம் உடனே திறந்தது, இரண்டு மேப்பும் அமைப்புப் பட்டியலில் தெரிகின்றன, கேஎம்இசட்டுகளும் வந்துவிட்டன. ஜிமேப்சப் என்று இருந்ததைப் பெயர் மாற்றிவிட்டேன், கூடவே இருந்த யுஎன்எல்லையும்.

60சிஎஸ்எக்ஸின் பூட்டுக் கார்டைக் காப்பி எடுத்து, கார்டை அதன் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அந்தச் சாதனத்துக்கு 2 ஜிபி கார்டு ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன், இப்போது அவ்வளவு சின்னதாகக் கிடைப்பதே அரிதாக இருக்கிறது. 8 ஜிபி எஸ்டிஎச்சி போட்டால் படிக்குமா?

பழைய திசைகாட்டி:

படிக்கும், சாதனத்தின் மென்பொருள் பழையதாக இல்லாவிட்டால். முதலில் அதைக் கடைசிப் பதிப்புக்கு மேம்படுத்துங்கள். அதற்கு முன்னால் வேபாயிண்ட்களை இன்னொரு முறை எடுத்துவிடுங்கள். ஃபேட்32இல் ஃபார்மட் செய்து, கார்மின் ஃபோல்டரைக் கையால் உருவாக்கி, உள்ளே ஜிமேப்சப் ஒன்றே ஒன்று. தடப் பதிவைக் கார்டுக்கு மாற்றியதும் வீட்டு வாசலில் கொஞ்சம் நடந்துவிட்டு, அன்றைய தேதியில் ஜிபிஎக்ஸ் கோப்பு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.